கடைசியில் வைத்த கண்

தூரிகையைக் கழுவிய தண்ணீர் கலங்கவே இல்லை. மதியம் முழுக்கச் சிவப்பைத் தொட்டுத் தொட்டுக் கழுவியிருந்தாள்; ஆனாலும் கிண்ணத்தின் அடி பளிச்சென்று தெரிந்தது. காகிதம் நன்றாகக் குடிக்கிறது போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்தக் காலத்துப் பறவைப் புத்தகம் ஒன்றிலிருந்து கழன்று வந்த தாள் அது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட கறுப்புக் கோடுகள் மட்டும்தான் இருந்தன. வண்ணம் தீட்டாமல் யாரோ பாதியில் விட்டிருந்தார்கள். பழைய படங்கள் விற்கும் கடைக்காரர், வெறும் கோடுகளை யார் வாங்குவார்கள் என்று அவளிடம் கொடுத்திருந்தார். வழக்கமாக மாதிரிப் படம் ஒன்றைப் பார்த்துத்தான் தீட்டுவாள். இந்தப் பறவைக்கு எங்கே தேடியும் மாதிரி கிடைக்கவில்லை.

"உன் இஷ்டத்துக்குத் தீட்டும்மா, செத்த பறவை எழுந்து வந்து கேக்கவா போகுது?" என்று சிரித்தார் கடைக்காரர். "கண்ணை மட்டும் கடைசியில வை. முதல்லயே வச்சா உன்னையே முறைச்சுட்டு இருக்கும், வேலை ஓடாது."

வீட்டில் கைக்கெட்டிய மாதிரி மகள்தான். பறவையின் மார்புக்கு மகளின் கவுன் சிவப்பு. அலகுக்கு அவள் உதட்டின் நிறம். மறுநாள் அந்தக் கவுன் கொடியில் வெளுத்துத் தொங்கியது, சோப்பைத் திட்டினாள். அடுத்து மகளின் உதடு வெளுத்தது; ஒழுங்காகச் சாப்பிட்டால்தானே என்று மகளையே திட்டினாள்.

இன்று சாயங்காலம், கண் மட்டும்தான் பாக்கி. வெளிச்சம் மங்குவதற்குள் மகளை ஜன்னலோரம் நிறுத்தி, முகவாயைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். தேன் நிறம், ஓரத்தில் லேசாகப் பச்சை. மகள் கூசுகிறது என்று சிணுங்கிவிட்டுப் பக்கத்து அறைக்கு ஓடினாள். இவள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கண்ணை வைத்தாள்.

வெளியே மழை பிடித்தது. கோந்தும் ஈரக் காகிதமுமாகக் கலந்த வழக்கமான வாசனைக்கு நடுவே, மேசையிலிருந்து இன்னொரு வாசனையும் மெல்ல எழுந்தது. மகளின் தலைமுடி வாசனை. தூரிகையைக் கிண்ணத்தில் அலசினாள். தண்ணீர் கலங்கவில்லை.

"அம்மா, ஏன் லைட்டை அணைச்ச?"

இரண்டு அறையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மகள் சுவரைத் தடவித் தடவி வந்து வாசற்படியில் நின்றாள். கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் வெள்ளை. காகித வெள்ளை. கருவிழி இருந்த இடத்தில் வட்டம் வட்டமாக மெல்லிய கறுப்புக் கோடுகள். செதுக்கிய கோடுகள்.

கவுன். உதடு. ஐயோ.

தப்பாக வைத்த வண்ணத்தை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம். எத்தனையோ முறை எடுத்திருக்கிறாள். இதையும் எடுத்துவிட்டால் குழந்தைக்குப் பார்வை திரும்பிவிடும். திரும்பத்தான் வேண்டும். பஞ்சை நனைத்தாள். தாளின் மேல் குனிந்தாள்.

"இப்ப தெரியுதும்மா," என்றாள் மகள், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. "உன் மூஞ்சி மட்டும் பெருசா தெரியுது. ஏன் இவ்ளோ கிட்ட வர்ற? அந்தப் பஞ்சு வேணாம்மா. பயமா இருக்கு."

பஞ்சின் நுனியில் ஒரு சொட்டுத் திரண்டு தொங்கியது. தாளில் இருந்த கண் இறுக மூடிக்கொண்டது.