கூரையில் புகையைக் காணோம்

தெருமுனை திரும்பியதும் அவன் தன் வீட்டுக் கூரையைத்தான் பார்த்தான். வரிசையாக இருந்த வீடுகளில் எல்லாம் புகை எழும்பி, அந்தி மூட்டத்தில் கலைந்துகொண்டிருந்தது. அவன் வீட்டுப் புகைக்கூண்டு மட்டும் சும்மா நின்றது. அதன் வாயில் ஓர் இழைகூட இல்லை. அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். விடியலிலிருந்து பேருந்து ஓட்டியதில் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. இனிமேல் போய் விறகு அடுக்கி, ஊதி, மறுபடி முதலிலிருந்து மூட்ட வேண்டும். தெருவிலேயே உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது அவனுக்கு.

கதவைத் திறந்தால், கதகதப்பு முகத்தில் வந்து படிந்தது. கூடத்து மூலையில் இரும்பு அடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தீ ஆடவே இல்லை. உச்சி முடியைப் பிடித்து யாரோ தூக்கிய மாதிரி நேராக நின்றது. வீட்டுக்குள் துளி புகை வாசனை கிடையாது.

மனைவி வேலைக்குக் கிளம்பி நின்றாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மாலை முறை.

“வந்துட்டீங்களா. பாப்பா சாப்பிட்டாச்சு,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, கண் பட்டுவிடுமோ என்பதுபோல, “மதியம் வந்ததுலேருந்து ஒரு தடவைகூட வீசிங் இல்லைங்க,” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை பாடும். மகளுக்கு நெஞ்சில் இளைப்பு. ஈரம் ஊறிய இந்த வீட்டில் குளிர்காலம் முழுக்க அவளை வைத்திருக்க முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அங்கேயும் எத்தனை நாள்தான் விட முடியும்? சித்தி வாயால் எதுவும் சொல்லவில்லை, முகத்தால் சொல்ல ஆரம்பித்திருந்தாள். சூடான, உலர்ந்த ஓர் அறை இருந்தால் மகள் வீட்டுக்கு வரலாம். இல்லையென்றால் வர முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

அடுப்பை அவனேதான் பொருத்தினான். குழாய்க்கடைக்காரர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், அடியில் தகடு விரிக்க வேண்டும். குழாய்த் துண்டுகளைச் செருகும்போது குறுகின வாய் கீழே பார்க்க வேண்டும், அப்போதுதான் உள்ளே வடியும் கரிநீர் மூட்டு வழியாக ஒழுகாமல் அடுப்புக்கே திரும்பும். சுவரில் நச்சுக்காற்றைக் கண்டால் கத்தும் கருவி ஒன்று. எல்லாம் செய்தான். “பழைய கூண்டை நம்பாதீங்க தம்பி, நம்ம குழாயைக் கூரைக்கு மேல வரைக்கும் ஏத்திடுங்க,” என்றும் அவர் சொன்னார். அதை மட்டும் செய்யவில்லை.

சுவரின் காரையை உடைத்தபோது, முன்பு குடியிருந்தவர்கள் செங்கல் வைத்து அடைத்திருந்த பழைய புகைக்கூண்டு தெரிந்தது. கல்லை எடுத்துவிட்டு விளக்கை உள்ளே நீட்டிப் பார்த்தான். கரியே இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. பல காலம் புகை போன கூண்டில் கரி எங்கே போயிருக்கும் என்று அவன் அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கத் தெம்பு இல்லை. சுத்தம் பண்ணும் வேலை மிச்சம் என்றுதான் தோன்றியது. கூண்டுக்குள் பாதி உயரம்வரை குழாயை ஏற்றியபோது மழை பிடித்துக்கொண்டது. மிச்சத்தைப் பழைய கூண்டு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டான். மீதித் துண்டுகள் பின்கதவோரம் சாய்ந்து கிடந்தன.

மனைவியை வழியனுப்ப வாசலுக்கு வந்தவன் மறுபடி மேலே பார்த்தான். கூண்டின் வாய் வெறுமையாகத்தான் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் குப்பை கொட்ட வந்தார்.

“புது அடுப்பு வாங்கிட்டுப் பத்த வைக்காம இருக்கீங்க போல. அழகு பார்க்கவா?” என்றார்.

“எரியுதுங்க.”

அவர் கூரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். தூக்கக் கலக்கத்தில் பேசுகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துவிட்டுப் போனார்.

உள்ளே வந்து ஒரு காகிதத் துண்டைக் கொளுத்தி, அணைத்து, அடுப்பின் காற்றுத் துளைக்கு நேரே பிடித்தான். புகை நூல் போல நீண்டு துளைக்குள் போனது. நல்ல இழுவை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கடைக்காரர் காட்டியிருந்தார். ஜன்னல் திரைகூட அடுப்புப் பக்கம் சாய்ந்து நின்றது. குளிர் வராமல் ஜன்னல் இடுக்கெல்லாம் அவன் டேப் ஒட்டியிருந்தான். அப்படியும் எங்கிருந்தோ காற்று வந்து, அறையைக் கடந்து, ஒரே சீராக அடுப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. தரைவிரிப்பின் நுனி இழைகள்கூட அந்தப் பக்கமே பார்த்துப் படுத்திருந்தன.

அப்படியானால் புகை எங்கே?

கடைக்காரருக்குப் போன் போட்டான்.

“நல்லா இழுக்குதுங்க. ஆனா மேல புகை வரல.”

“அது எப்படி தம்பி? இழுத்தா வெளிய விட்டாகணும் இல்ல?”

“இல்லைங்க. நின்னு பார்த்துட்டேன்.”

“குழாயைக் கூரைக்கு மேல வரைக்கும் ஏத்தினீங்கதானே?” என்று கேட்டார். அவன் பின்கதவோரம் கிடந்த துண்டுகளைப் பார்த்தான். “சரி. இனி விறகு போடாதீங்க. தானா அணையட்டும். ஒரு ஜன்னலைத் திறந்து வைங்க. காலையில நானே வந்து பார்க்கிறேன்.”

மகள் கூடத்துக் கட்டிலில் போர்வைக்குள் சுருண்டு, அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. அந்த விசில் இல்லாமல் அவள் மூச்சு விட்டு அவன் கேட்டு எவ்வளவு காலம். அதைக் கேட்டபடி அங்கேயே படுத்துவிட மாட்டோமா என்று உடம்பு கெஞ்சியது.

“அப்பா, அதுக்கும் என்னை மாதிரிதான்,” என்றாள்.

“எதுக்கு பாப்பா?”

“அதுக்குத்தான். இழுக்குது, இழுக்குது. விட முடியல பாருங்க. பாவம்.”

இளைப்புக்காரப் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. டாக்டர் முதல் நாளே சொன்னது. உள்ளே இழுப்பதில் கஷ்டமில்லை. வெளியே விடுவதில்தான் கஷ்டம். விட முடியாமல் நெஞ்சு நிறைந்துகொண்டே போகும். அப்போதுதான் பிள்ளை கண்ணைப் பெரிதாக்கி நம்மைப் பார்க்கும்.

மதியத்திலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு தடவைகூட விடவில்லை.

தீ தணிந்தது. கங்கு சாம்பல் பூத்தது. காற்றுத் துளையை மூடினான். குழாயின் அடைப்பானையும் திருகினான். அடுப்பு அணைந்தால் இழுவையும் நிற்க வேண்டும். சூடு இல்லாமல் எது இழுக்கும்? திரையைப் பார்த்தான். முன்பைவிட அதிகமாகச் சாய்ந்திருந்தது. வாசல் கதவிடுக்கில் ஊய்யென்று ஒரு மெல்லிய சத்தம். அந்தச் சத்தம் அவனுக்குப் பழக்கமானது. மகளின் நெஞ்சில் காது வைத்தால் கேட்பது.

டேப்பைக் கிழித்தான். நகம் மடங்கியது. ஜன்னல் கொக்கியை எடுத்துத் தள்ளினான். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல், அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினான். உள்ளிருந்து யாரோ பிடித்து வைத்தாற்போல நின்றது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். எதிர்வீட்டில் போய் நிற்க வேண்டும். அவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

திரும்பினான்.

கட்டில் காலி. போர்வை தரையில் கிடந்தது. அதுவும் அடுப்பைப் பார்த்து நீண்டு கிடந்தது.

மகள் அடுப்புக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரே இருட்டு. கங்குகூட இல்லை. அவள் தலைமுடி முழுக்க முன்னால் வழிந்து, அந்த இருட்டுக்குள் போயிருந்தது.

“பாப்பா, வா இங்கே.”

அவள் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் அவளிடம் நர்ஸ் பேசுவதைப் போலவே, அவ்வளவு பொறுமையாக, உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“பயப்படாதே. உதட்டைக் குவிச்சுக்கோ. பலூன் ஊதுற மாதிரி. மெதுவா. மெதுவா விடு.”

கதவிடுக்கின் சத்தம் நின்றது.

திரை சரிந்து நேராகத் தொங்கியது. விரிப்பின் இழைகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. மகளின் முடி தோளில் வந்து விழுந்தது. வீடு முழுக்க எதுவும் அசையவில்லை. குழாயின் மூட்டு ஒன்று மட்டும், மேலே எங்கேயோ, டொக்கென்றது.

பிறகு திரை மெல்ல மறுபக்கம் சாய ஆரம்பித்தது.

ஜன்னலை நோக்கி. உப்பி. கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பான ஏதோ ஒன்று அவன் முழங்காலைத் தொட்டுக் கடந்தது. புகை வாசனை இல்லை. தூங்கி எழுந்தவன் வாயருகே வரும் வாசனை. அவனால் நகர்த்த முடியாத ஜன்னல், மீதி டேப்பைப் பிய்த்துக்கொண்டு தானாகத் திறந்தது, அவசரமே இல்லாமல். சுவரில் கருவியின் பச்சை விளக்கு சிவப்பானது. அது கத்தவில்லை.

மகளைக் கூப்பிட மூச்சை இழுத்தான். நெஞ்சு நிறைந்தது. கூப்பிட வாயைத் திறந்தான். மூச்சு வெளியே வரவில்லை. மறுபடி இழுத்தான். போனது. உள்ளே மட்டும்தான் போனது. விலா எலும்பு விரிந்துகொண்டே இருந்தது. கண் பெரிதாவது அவனுக்கே தெரிந்தது.

அந்தக் கண்ணை மகள் திரும்பிப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். இத்தனை காலம் அவன் தன்னைப் பார்த்த அதே பரிவோடு பார்த்தாள்.

“கொஞ்சம் இருங்கப்பா. அது விட்டு முடிக்கட்டும். அப்புறம் உங்களுக்குச் சொல்லித் தரேன்.”

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இளைப்பு வரும்போது அவளுடைய அம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுப்பாள். அதே மாதிரி அவளுடைய சின்னக் கை குழாயின்மேல் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கைக்கு அடியில் இரும்பு மெல்ல ஏறி இறங்கியது.