மஞ்சள் கோட்டில் மூன்று

பன்னிரண்டு நாள் மூடிக் கிடந்த பட்டறை திறந்த காலையில், மாயா வியாசர்பாடியிலிருந்து பஸ் பிடித்துத் திருவொற்றியூரில் இறங்கினாள். கன்டெய்னர் லாரிகள் துறைமுகம் பார்த்து வழக்கம்போல் வரிசையில் நின்றன. மணலிப் பக்கமிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தது. எல்லாம் அப்படியேதான் இருந்தது.

பட்டறை வாசலில் மட்டும் பூவம்மா உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன ஃபிட்டர் லோகநாதனின் மனைவி.

“யம்மா, அன்னிக்கு நீதான உள்ள இருந்த? அவுரே காந்தத்தாண்ட இரும்புச் சாவிய எடுத்துகினு போய்ட்டாருன்னு சொல்றாங்கோ. நாப்பது வருசம் இரும்போட கெடந்த மன்சன், மறப்பாரா? இன்னா நடந்துச்சு, நீ சொல்லு.”

“தெரியலக்கா.”

மாயாவின் குரல் எப்போதுமே சன்னம். இன்று அவளுக்கே கேட்கவில்லை.

உள்ளே முதலாளி தேவப்பிரியம் ஒரு தாளை நீட்டினார். தூத்துக்குடிக்காரர்.

“நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வாராரு. நேர்ல பாத்த சாட்சின்னு இதுல கையெழுத்துப் போட்டுரும்மா. அதுக்கு முன்ன ஏழாம் நம்பர அளந்துரு. ஒடஞ்ச கட்டைய மாத்தியாச்சு. நாளைக்கு அனுப்பணும்.”

“சார், அவரா எடுத்துட்டுப் போனாருன்னு இதுல...”

“வேற யாரு எடுத்தா? நீ குடுத்தியா?” என்று சிரித்தார்.

மாயா தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

ஏழாம் நம்பர் என்பது ஒரு காந்தம். துகள் முடுக்கி என்னும் பெரிய இயந்திரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கற்றையாகப் பாயும். விட்டால் டார்ச் வெளிச்சம்போல விரிந்து சிதறிவிடும். வழி நெடுக காந்தங்கள் நின்று அதைக் குவிக்க வேண்டும். பெரும்பாலும் அதற்குக் கம்பிச்சுருளில் மின்சாரம் விடுவார்கள். இவர்கள் செய்வதில் மின்சாரம் கிடையாது. குழாயைச் சுற்றி நான்கு நிரந்தரக் காந்தக் கட்டைகள். திருகைச் சுற்றிக் கட்டைகளைக் கிட்டே கொண்டுவந்தால் பிடி இறுகும். விலக்கினால் தளரும். கூட்டலாம், குறைக்கலாம்.

அணைக்க முடியாது.

அளவை அறைக்கு ஜன்னல் இல்லை. ட்யூப்லைட்டின் சூடுகூடக் காந்தத்தின் அளவை மாற்றும் என்பதால், அளக்கும்போது விளக்கையும் அணைத்துவிடுவார்கள். தரையில் மஞ்சள் கோடு. அதைத் தாண்டி இரும்பு போகக் கூடாது. கோட்டின் மேல் ஒரு சின்னக் கருவி, இரும்பு கிட்டே வந்தால் திரையில் எண் ஏற்றிக் காட்டும். வெளியே லாரி போனால் எண் மெல்ல ஏறி இறங்கும். ஒன்றும் இல்லாவிட்டால் பூஜ்யம்.

லோகநாதன் வந்து நின்றால் மூன்று.

இளவயதில் கப்பல் பழுது பார்க்கையில் தெறித்த இரும்புச் சில்லு ஒன்று அவர் வலது தோளுக்குள்ளேயே தங்கிவிட்டது. தினம் பதினொரு மணிக்கு டீயோடு வந்து கோட்டருகே நிற்பார்.

“இன்னா சயின்டிஸ்ட்டு, உன் மிஷினு என்னைய கண்டுகிச்சா?”

“மூணு ஏறிடுச்சு நைனா. பின்னாடி போங்க.”

“வூட்ல கூட எவனும் என்னைய இப்டி கரெக்டா கண்டுக்க மாட்டான்!” கிராம்பு மணக்கச் சிரிப்பார். பீடியை விட்டதிலிருந்து எந்நேரமும் வாயில் கிராம்புதான்.

மாயா ஹேர்பின், சாவி, போன், செருப்பு எல்லாவற்றையும் வெளியே வைத்தாள். விளக்கை அணைத்துவிட்டுத் திரைமுன் உட்கார்ந்தாள்.

பூஜ்யம்.

அன்றும் இதே இருட்டு. ஏழாம் நம்பரின் திருகு பாதியில் சிக்கிக்கொண்டது. அந்தத் திருகு லோகநாதன் கைக்குத்தான் மசியும். அவள்தான் கோட்டைத் தாண்டி வரச் சொன்னாள். அவள்தான் மேஜை டிராயரைத் துழாவி, திருகு முடுக்கும் ஆலன் கீயை எடுத்துக் கொடுத்தாள். காந்தத்தில் ஒட்டாத வெண்கலச் சாவி என்று நினைத்தாள். காலையில் நாற்காலியை முடுக்க அவளே கொண்டுவந்து போட்ட இரும்புச் சாவி அது.

திரையில் எண் ஏறத்தான் செய்தது. ஏதோ லாரி போகிறது என்று நினைத்தாள்.

சாவி அவர் கையிலிருந்து பறந்தது. காந்தம் உடைந்து, ஒரு சில்லு அவர் கழுத்தில் பாய்ந்தது.

மாயா திரையைப் பார்த்தாள்.

மூன்று.

லாரியாக இருக்கும். லாரி என்றால் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

மணி பதினொன்று.

கிராம்பு வாசனை வந்தது.

“நைனா?” வெறும் மூச்சாக வந்தது குரல்.

ஐந்து.

கோட்டைத் தாண்டினால்தான் ஐந்து வரும்.

ஒன்பது.

நாற்காலிக்குப் பின்னால் சிமென்ட் தரையில் செருப்பு தேயும் சத்தம். ஒரு தேய்ப்பு. சற்று இடைவெளி. இன்னொரு தேய்ப்பு.

மேஜை டிராயர் தானாகத் திறந்தது.

உள்ளே எதுவோ துழாவுகிறது. அவள் அன்று துழாவியதைப் போலவே.

“நான்தான் குடுத்தேன்,” என்றாள். “நைனா, நான்தான் குடுத்தேன்.”

சத்தம் நின்றது. எண் ஏழானது. ஐந்தானது. மூன்றில் நின்றது. பிறகு பூஜ்யம்.

மாயா வெளியே ஓடினாள். வாசலில் பூவம்மாவின் முன்னால் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பூவம்மா அழவில்லை. அடிக்கவுமில்லை.

“அவுரு மறக்கல,” என்றாள். “அத்த நாலு பேருக்கு நடுவுல சொல்லு.”

“உனக்கென்ன பைத்தியமா? வேலை போயிரும். கேஸாகும்,” என்று தேவப்பிரியம் பின்னாலிருந்து கத்தினார். மாயா தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நடந்ததை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். நாலு மணிக்கு இன்ஸ்பெக்டரின் கையில் அதைக் கொடுத்தாள்.

கம்ப்யூட்டரை அணைக்க வேண்டியிருந்தது. அளவை அறைக் கதவைத் திறந்து வெளியே நின்றபடியே திரையைப் பார்த்தாள். பூஜ்யம். காற்றில் மணலி நாற்றம் மட்டுமே இருந்தது. நைனா போய்விட்டார் என்று தோன்றியது. பன்னிரண்டு நாளுக்குப் பின் முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டாள்.

வெறுங்காலோடு நடந்து மஞ்சள் கோட்டருகே வந்தாள்.

மூன்று.

பின்வாங்கினாள். பூஜ்யம்.

தலையைத் தடவிப் பார்த்தாள். ஹேர்பின் இல்லை. இடுப்பில் சாவி இல்லை. மறுபடி கோட்டருகே வந்தாள்.

மூன்று.

அப்போதுதான் உணர்ந்தாள். வலது தோளுக்குள், எலும்பை ஒட்டி, சின்னதாக ஏதோ உறுத்தியது.