நாலாவது பித்தளைக் குண்டு

போன் அடித்தது.

லைப்ரரியம்மா ஹாலுக்கு ஓடிவந்து எடுத்தாள். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெரு முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். கணவர் போய் ஒரு மாதமாகிறது. போன் அடித்தால் எடுக்க அவர் இல்லை என்பது இன்னும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஞாபகம் வந்தது.

மறுமுனையில் இன்ஸ்பெக்டர். பெண் குரல்.

"தனியா இருக்கீங்களாம்மா?"

"இல்ல. புரொபசர் வந்திருக்கார். எங்க வீட்டுக்காரரோட சிநேகிதர்."

"நல்லது. துணைக்கு ஆள் இருக்கட்டும். உட்கார்ந்துட்டுக் கேளுங்க... உங்க வீட்டுக்காரர் ஏணியிலேர்ந்து விழுந்து சாகல. யாரோ தலையில அடிச்சிருக்காங்க."

லைப்ரரியம்மா உட்காரவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் விவரம் சொன்னார். பரிசோதனை அறிக்கை இப்போதுதான் வந்ததாம். காயத்தில் பித்தளைத் துகள் இருந்திருக்கிறது. சின்னதாக, கனமாக, உருண்டை விளிம்போடு ஏதோ ஒரு பொருள். வீட்டில் அப்படி ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடித்திருக்கிறார்கள். அவரை! எறும்பு ஊர்ந்தால்கூட வழிவிட்டு நடக்கிற மனிதரை!

ரிசீவரை வைத்தாள். நல்லவேளை, புரொபசர் இருக்கிறார். அந்த ஒரே தெம்பில் வரைபட அறைக்கு நடந்தாள்.

வீட்டின் கடைசி அறை அது. சுவரோரம் அகலமான, ஆழமில்லாத இழுப்பறைகள். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. உத்தரம் வரை சட்டம் போட்ட படங்கள். அவற்றைத் துடைக்க ஓர் ஏணி. அந்த ஏணியின் காலடியில்தான் அவர் கிடந்தார். அன்றிலிருந்து அவள் இந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. இன்றுதான் புரொபசருக்காகப் பூட்டைத் திறந்துவிட்டாள். உள்ளே நுழைவதற்குள் போன் வந்துவிட்டது.

கணவர் அசல் வாங்க வசதியில்லாத மனிதர். அதனால் நகல் சேர்த்தார். ஆதி நாளில் அச்சான வரைபடங்கள், கப்பலோட்டிகள் எழுதிய பயணக் கதைகள்... கறை, மடிப்பு, புழு அரித்த பொட்டு உட்பட அப்படியே மறுபடி அச்சடித்தவை. இல்லாத தீவுகள், கப்பலை விழுங்கும் திமிங்கலங்கள், பாதியில் நின்றுபோன கரைகள். அவர் படத்தை விரிப்பார். அவள் பயணக் கதையை உரக்கப் படிப்பாள். கப்பல் மூழ்கும் பக்கம் வந்தால், "மெதுவா படி, அவசரப்பட்டு யாரையும் கொன்னுடாத" என்பார்.

கை சும்மா இருக்காது. நகலில் புழு ஓட்டை வெறும் கறுப்புப் புள்ளியாக அச்சாகியிருந்தால், ஊசியால் குத்தி நிஜமாகவே ஓட்டை போடுவார். புழு செய்ய மறந்த வேலையாம்.

புரொபசர் மேஜை அருகே நின்றிருந்தார். கல்லூரியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். வாரம் தவறாமல் வருகிறவர். அண்ணனின் சேகரிப்பைத் தரம் பிரித்து நூலகத்துக்குக் கொடுக்க உதவுகிறேன் என்று தானாகவே முன்வந்தவர். சாவு வீட்டில் மேஜைமேல் இருந்த, திமிங்கலம் வரைந்த வரைபடத்தைச் சுருட்டி எடுத்துவந்து, "அண்ணனுக்குப் பிடிச்ச படம், கூடவே போகட்டும்" என்று நெஞ்சின்மேல் வைத்து அழுதவர். தகன மேடையின் இரும்புக் கதவு மூடும்வரை அவள் அந்தச் சுருளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாய் திறந்து இன்ஸ்பெக்டர் சொன்னதைச் சொல்லப் போனாள்.

புரொபசர் ஒரு வரைபடத்தை விரித்தார். காகிதம் சுருண்டு எழுந்தது. அதை அமர்த்த, மூலைக்கு ஒன்றாக நாலு பித்தளைக் குண்டுகள் உண்டு. மூடிபோட்ட மரப்பெட்டியில் குழி குழியாக உட்கார்ந்திருக்கும். வேறு எதையும் வைக்க அவள் கணவர் விடமாட்டார். புத்தக அட்டையின் சாயம் ஒட்டும் என்று சத்தம் போடுவார். அது புரொபசருக்கும் தெரியும்.

புரொபசர் முதல் மூலையில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்தார்.

அதன் பிறகுதான் மரப்பெட்டியைத் திறந்தார்.

உள்ளே மூன்று குண்டுகள். நாலாவது குழி காலி.

மூன்றையும் எடுத்து மீதி மூன்று மூலைகளில் வைத்தார். 'இன்னொண்ணு எங்க அண்ணி?' என்று கேட்கவில்லை. பெட்டிக்குள் இன்னொரு முறை பார்க்கக்கூட இல்லை.

பெட்டியைத் திறக்கும் முன்பே தெரிந்திருக்கிறது!

லைப்ரரியம்மா கதவுப் பக்கம் ஓரடி பின்வாங்கினாள்.

"போன்ல யாரு அண்ணி?"

"கண்ணாடிக் கடைக்காரர்... சட்டம் ரெடியாம்."

"கை ஏன் நடுங்குது?"

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, தம்பி."

புரொபசர் அவளைப் பார்த்தார். அவள் கண் போன திசையைப் பார்த்தார். காலிக் குழி. மெல்ல நடந்துவந்து அவளுக்குப் பின்னாலிருந்த கதவைச் சாத்தினார்.

"நீங்க நிறைய படிக்கிறவங்க. அதான், உங்க முகத்தையும் யார் வேணா படிச்சுடலாம்."

மேஜையிலிருந்து ஒரு குண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். அந்த மூலை மட்டும் மெதுவாகச் சுருண்டு எழுந்தது.

எதிரே எமன் நின்றாலும் இவ்வளவு மரியாதையாகப் பேசமாட்டான். பாடம் நடத்துகிற குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னார். மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அண்ணன் அள்ளிவந்த காகிதக் கட்டுக்குள் திமிங்கலப் படம் இரண்டு இருந்ததாம். ஒன்று நகல். இன்னொன்றின் விளிம்பில் விரலை ஓட்டினால், அந்தக் காலத்தில் அச்சடித்த தாமிரத் தகடு அழுந்திய மேடு தட்டுப்பட்டதாம். அசல்! வந்து பார்க்கும்படி போனில் கூப்பிட்டாராம் அண்ணன். வந்த நேரம் அவள் வீட்டில் இல்லை. அதை நூலகத்துக்கே கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டாராம்.

"காலமெல்லாம் நகலையே தடவிட்டு இருந்தவன் நான். கெஞ்சினேன் அண்ணி. எது அசல்னு காட்டறதுக்கு முன்னாடியே பேச்சு முத்திப்போச்சு..."

குண்டு உருண்டது.

"ரெண்டையும் ஜன்னல்கிட்ட பிடிச்சேன். ஒண்ணுல புழு ஓட்டை வழியா வெளிச்சம் வந்துச்சு. இன்னொண்ணுல வரல. வெளிச்சம் வந்ததை எடுத்துட்டு ஓடினேன். பயத்துல பிரிக்கவே இல்ல. போன வாரம் விரல் வச்சுப் பார்த்தா மேடே இல்ல! எல்லாம் ஊசி ஓட்டை. ஓட்டை இல்லாதது எப்படியும் நகல். அப்போ அசலை அண்ணன் வேற எங்கயோ ஒளிச்சிருக்கார். எங்க?"

லைப்ரரியம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

அவருடைய கடைசி வாரம். அவள் காகிதக் கூழ்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, ஒரு திமிங்கலப் படத்தின் புழு ஓட்டைகளைப் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தார். ஓட்டை போடுகிறவர் இன்று என்ன அடைக்கிறார் என்று அவள் கேலி செய்தாள்.

"இதுக்கு வலிக்கும்" என்றார். காரணம் கேட்டதற்கு, நாலு நாள் பொறு என்று சிரித்தார்.

அந்தப் படம்... அவர் நெஞ்சின்மேல்... இரும்புக் கதவு...

அசல் இந்த வீட்டில் இல்லை. எங்குமே இல்லை! அது தெரிந்த நிமிடம் இவனுக்கு அவள் உயிரால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"எங்க அண்ணி?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். உத்தரத்தை ஒட்டிய கடைசிச் சட்டம்.

"அதுக்குப் பின்னாடி."

"ஏறி எடுங்க."

"முட்டி வலி, தம்பி. நான் விழுந்தா... ஒரே ஏணியில ரெண்டாவது விபத்துன்னு எந்த போலீஸ் நம்பும்?"

அவர் யோசித்தார். குண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவளைவிட்டுக் கண்ணை எடுக்காமலே ஏறினார். ஒவ்வொரு படியும் கிறீச்சிட்டது. சட்டம் பெரியது, இறக்க இரண்டு கையும் வேண்டும். கண்ணும் வேண்டும்.

அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது.

முட்டி வலி எங்கே போனதோ! கதவைத் திறந்தாள், பாய்ந்தாள், வெளித் தாழ்ப்பாளை அடித்துப் போட்டாள். மறு விநாடி கதவின்மேல் ஏதோ இடி போல மோதியது. ஹாலுக்கு ஓடி, போன் டயலைச் சுழற்றி இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள். பித்தளை கதவை இடித்தது... மரம் பிளந்தது...

ஜீப் வந்து நின்றபோது மேல் பலகை பெயர்ந்திருந்தது. அண்ணனை அனுப்பிய இடத்துக்கே அண்ணியையும் அனுப்புவதாக அவர் உள்ளேயிருந்து கத்தியதை இரண்டு காவலர்கள் காதாரக் கேட்டார்கள்.

தாழ்ப்பாளை நீக்கினார்கள். புரொபசரின் காலடியில் உடைந்த சட்டம். பின்னால் வெறும் அட்டை.

"எங்க இருக்கு? அதை மட்டும் சொல்லிடுங்க அண்ணி."

"ஓட்டை இல்லாதது நகல் இல்ல, தம்பி. அசலோட ஓட்டையை அவர் அடைச்சுட்டார். நான்தான் கிண்ணம் பிடிச்சேன்." வெறும் அட்டையைக் காட்டினாள். "நீங்களே உங்க கையால அவர் நெஞ்சுல வச்சு, எரிய விட்டீங்க."

புரொபசர் ஏணியின் கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாலாவது குண்டு எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். புரொபசரின் வீட்டில், அந்த நகலின் மேல்தான் இருக்கிறதாம். அவ்வளவு நேர்த்தியான பொருளைத் தூக்கி எறிய மனசு வரவில்லையாம்.

வாசலில் புரொபசர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்.

"ஏறுங்க சார். போற இடத்துக்கு மேப் தேவையில்ல!"