சித்தப்பாவின் மஞ்சள் விளக்கு

வீட்டில் எல்லோரும் அவளை மிளகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சிறிசு, பேச்சு காரம். அவளுடைய சித்தப்பா ஒரு தையல்காரர். வீட்டின் பின் அறைதான் அவருடைய தையற்கூடம்.

சித்தப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கைகளால்தான் பேசுவார். மிளகும் அவரும் கைகளாலேயே மணிக்கணக்கில் அரட்டை அடிப்பார்கள். சண்டைகூடப் போடுவார்கள்.

திங்கட்கிழமை ஒரு வம்பு நடந்தது. சிறுவர் நாடகக் குழுவின் தலைவி, துணி தைக்கக் கொடுக்க வந்திருக்கிறார். பத்து நிமிடம் அழைப்புமணியை அழுத்தியிருக்கிறார். அம்மா, அப்பா வேலையில். மிளகும் அண்ணனும் பள்ளியில். சித்தப்பாவோ பின் அறையில் மும்முரமாகத் தைத்துக்கொண்டிருந்தார். வந்தவர் ஒரு சீட்டை எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விட்டார்.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி வருவேன். அன்றும் ஆள் இல்லையென்றால் வேறு தையல்காரரைப் பார்த்துக்கொள்கிறேன்."

சித்தப்பா அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று அவருடைய கைகள் எதுவுமே பேசவில்லை. மிளகு நேராக அண்ணனிடம் போனாள்.

"அண்ணா, அத்தை அனுப்பின மஞ்சள் பல்பு இருக்குல்ல? பட்டனை அழுத்தினா எரியுமே, அது?"

"இருக்கு. ஆனா பட்டன் சொல்றதைக் கேட்டு பல்புக்குச் சொல்ல நடுவுல ஒரு கம்ப்யூட்டர் வேணும். நம்ம பழைய லேப்டாப் போதும். அதுல சொருக டாங்கிள்னு ஒரு குட்டிக் கருவி வாங்கணும். அது இல்லாம லேப்டாப்புக்கு எதுவும் கேக்காது."

மிளகு இதைச் சித்தப்பாவுக்குக் கைகளால் சொன்னாள். அவர் லேப்டாப்பைத் தட்டிக்கொடுத்து, 'அடடே, இதுவும் என் கட்சியா!' என்று சைகை காட்டிச் சிரித்தார்.

மறுநாள் மாலை மிளகும் அண்ணனும் கடைக்குப் போனார்கள். கடைக்கார அக்கா பெட்டி பெட்டியாக எடுத்து வைத்தார். அண்ணனின் கை நேராக ஒரு பெட்டிக்குப் போனது. படத்திலிருந்த டாங்கிளுக்கு இரண்டு நீளமான கொம்புகள்.

"இதுதான்! கொம்பைப் பாரு, சும்மா மிரட்டுது!"

"மிரட்டினா போதுமா? நம்ம பல்பு பேசுற பாஷை இதுக்குத் தெரியுமா?" என்றாள் மிளகு.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "சரியாக் கேட்டே. உங்க பல்பு என்ன பாஷைம்மா?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். மிளகு பையிலிருந்து பல்பு வந்த அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினாள். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஜிக்பீ. தம்பி எடுத்தது வைஃபை. அதைச் சொருகினா ரெண்டும் ஒண்ணையொண்ணு முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான்."

ஜிக்பீ பேசும் டாங்கிள்கள் இரண்டு இருந்தன. ஒன்று கட்டைவிரல் நகம் அளவு. இன்னொன்றுக்கு ஒரு குட்டி ஆன்டெனா.

"லேப்டாப் இருக்குற இடத்துக்கும் பல்புக்கும் எவ்வளவு தூரம்?"

"நான் நடந்து பாத்துட்டேன் அக்கா. என் காலால முப்பத்தோரு எட்டு. நடுவுல ரெண்டு சுவர்."

"அப்போ ஆன்டெனா வச்சதை எடுத்துக்கோ," என்ற அக்கா, அண்ணனைப் பார்த்தார். "தம்பி, அடுத்த தடவை கடைக்கு இவளை மட்டும் அனுப்பு."

வீட்டுக்கு வந்ததும் விளக்கை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. கதவுக்கு மேலே என்றான் அண்ணன். மிளகு சித்தப்பாவையே கேட்டாள். 'தைக்கும்போது எங்கே பார்ப்பீங்க?' அவர் தையல் இயந்திரத்தின் ஊசியைக் காட்டினார். ஊசிக்குப் பக்கத்திலேயே விளக்கு குடியேறியது; பட்டன் வாசலில் அழைப்புமணி இருந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் வியாழக்கிழமை மாலை வரை அது ஒழுங்காக எரியவில்லை. ஐந்து முறை பட்டனை அழுத்தினால் ஒருமுறை மினுக்கியது.

"கொம்பு வச்சதையே வாங்கியிருக்கணும்," என்று அண்ணன் முணுமுணுத்தான். பிறகு லேப்டாப்பில் டாங்கிளுக்குப் பக்கத்தில் சொருகியிருந்த தன் ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு மேசையை விட்டு எழுந்தான்.

வாசலில் மிளகு சலிக்காமல் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து சித்தப்பா ஓடிவந்தார். 'எரிந்தது! நாலு முறை!'

"அண்ணா, இப்போ என்ன பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணலையே. ஹார்ட் டிஸ்க்கை எடுத்தேன்."

"திரும்பச் சொருகு."

சொருகினான். மிளகு அழுத்திப் பார்த்தாள்; விளக்கு எரியவில்லை. எடுத்தான். எரிந்தது.

மிளகு கைதட்டினாள். "அண்ணா, இது எங்க கிளாஸ் மாதிரி! பக்கத்துல இருக்குறவ தொணதொணன்னு பேசினா டீச்சர் சொல்றது எனக்குக் கேக்குமா? உன் ஹார்ட் டிஸ்க் பக்கத்துல உக்காந்து சத்தம் போடுது."

"நான் அதுலதான் படம் பாக்கணும். அதுக்கு என்ன பண்றது?"

"டீச்சர் என்ன பண்ணுவாங்க? இடத்தை மாத்தி உக்கார வைப்பாங்க!"

டாங்கிள் பெட்டிக்குள் ஒரு நீட்டிப்பு வயர் பிரிக்காமலே கிடந்தது. அதன் ஒரு முனையை லேப்டாப்பில் சொருகி, மறு முனையில் டாங்கிளை மாட்டி, மேசையின் மறுகோடிக்குக் கொண்டுபோய் வைத்தாள். அண்ணன் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினான். மிளகு வாசலுக்கு ஓடிப்போய்ப் பட்டனை அழுத்தினாள்.

பின் அறையிலிருந்து ஒரு கை நீண்டு கட்டைவிரலை உயர்த்தியது. பத்து முறை அழுத்தினாள். பத்து முறையும் கட்டைவிரல் உயர்ந்தது. பதினோராவது முறை, 'போதும், என்னைத் தைக்க விடு!' என்று அந்தக் கை அதட்டியது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வகுப்பில் ஆசிரியை ஆறுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மிளகின் காதில் ஒரு ஆறும் பாயவில்லை. மின்சாரம் போயிருந்தால்? சித்தப்பா குளிக்கப் போயிருந்தால்?

பள்ளி விட்டதும் ஒரே ஓட்டம். மூச்சிரைக்கப் பட்டனை அழுத்தினாள். உடனே கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடாவும் வாயில் இரண்டு குண்டூசியுமாகச் சித்தப்பா நின்றார். அவருக்குப் பின்னால் மஞ்சள் துணி மலைபோலக் குவிந்திருந்தது.

'வந்தாங்களா?'

'வந்தாங்க. ஒரே அழுத்து, ஓடிப்போய்த் திறந்துட்டேன்.'

'என்ன தைக்கணுமாம்?'

சித்தப்பா குண்டூசிகளை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். ஏழு விரல்களைக் காட்டினார். அப்புறம் தலைக்கு மேலே கையை உயர்த்தி, உயர்த்தி, கால் கட்டைவிரலில் நின்று இன்னும் உயர்த்தினார்.

"ஏழு ஒட்டகச்சிவிங்கியா!" மிளகு வாய்விட்டே கத்திவிட்டாள்.

'எல்லாம் உன் உயரத்துப் பிள்ளைங்களுக்கு. அளவெடுக்க ஆள் வேணும். வா, வந்து கழுத்தை நீட்டு.'

மிளகு புத்தகப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, கூரையைப் பார்த்தபடி, கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினாள்.