றினாஸின் பெயரில் வந்த நான்கு எழுத்து

“மிஸ், பின்னேரத்துக்குள்ள என்ட மாணவனக் கல்லூரியால கலைச்சிடுவாங்க!”

விரிவுரையாளர் ஜுனைதா மூச்சிரைக்க வந்து நின்ற இடம், கல்முனையில் சட்டத்தரணி ஸுஹைறாவின் அலுவலகம். நீதிமன்றத்துக்குப் போகாத சிக்கல்களையும் அவிழ்த்துக் கொடுப்பவர் என்று ஸுஹைறாவுக்குப் பெயருண்டு. அவர் நிதானமாக ஒரு கதிரையை நகர்த்திக் கொடுத்தார். அவருடைய இளநிலைச் சட்டத்தரணி நஸ்லின் அதற்குள் பேனாவை எடுத்துவிட்டாள்.

ஜுனைதா ஒரு தனியார் கல்லூரியில் கற்பிக்கிறார். அவருடைய வகுப்பில் மாணவர்கள் தங்கள் சொந்தப் போன்களிலேயே படிப்பார்கள். பொய்ச் செய்தியைப் பிடிப்பது, பழைய படத்தைக் கண்டுபிடிப்பது எல்லாம் அங்கே பாடம். இன்று நண்பகல் ளுஹர் தொழுகை நேரத்தில் அந்த வகுப்பின் வட்ஸ்அப் குழுவில், நாளை நடக்கவிருந்த கணக்கியல் பரீட்சையின் வினாத்தாள் வந்து விழுந்திருக்கிறது. அனுப்பிய இலக்கம் றினாஸுடையது. வினாத்தாளைத் தயாரித்த முஸ்தாக் சேர், றினாஸை நீக்கு, வகுப்பில் போனைத் தடைசெய் என்று அதிபரிடம் நிற்கிறார்.

“அந்த நேரம் போன் யார்ட கையில இருந்த?” என்று கேட்டாள் நஸ்லின்.

“அவன்ட சட்டைப் பைக்குள்ள. பள்ளிவாசல்ல தொழுதுட்டு நிண்டானாம்.”

“அப்ப அவனேதான்!”

“அவசரப்படாத நஸ்லின்,” என்ற ஸுஹைறா, ஜுனைதாவின் போனில் அந்தக் குழுவைப் பார்த்தார். வினாத்தாள் படத்துக்கு மேலே “ehis” என்று ஒரு வரி.

“அது பைக்குள்ள கைபட்டு விழுந்த எழுத்து மிஸ்,” என்றார் ஜுனைதா.

ஸுஹைறா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று எழுந்தார். “வாங்க, போவம்!”

அதிபர் நேசராசாவின் அறையில் றினாஸ் கண் சிவந்து நின்றான். முஸ்தாக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, காலையில எந்தக் கொம்பியூட்டர்லயாவது உங்கட வட்ஸ்அப்பத் திறந்தீங்களா?” என்று கேட்டார் ஸுஹைறா.

“ஓம் மிஸ். பாடத்துக்கு ஒரு படம் எடுக்க, கல்லூரிக் கொம்பியூட்டர்ல.”

“மூடினீங்களா?”

றினாஸ் விழித்தான். அவனுடைய போனில், வட்ஸ்அப்புடன் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து பார்த்ததும் நஸ்லின் துள்ளினாள். “மிஸ், இன்னும் திறந்துதான் இரிக்கி! அந்தக் கொம்பியூட்டர்ல இருந்து யாரும் இவன்ட பேர்ல அனுப்பியிருக்கலாம்!”

“யாரும் எண்டா எப்படிக் கண்டுபிடிக்கிற?” என்றார் அதிபர் கவலையோடு.

“வினாத்தாள் யார்கிட்ட இருந்த?” என்றார் ஸுஹைறா.

“முஸ்தாக் சேரிட்டயும் என்னட்டயும் மட்டுந்தான்.”

“வெளியான வினாத்தாளோட பரீட்சை நடத்தேலாதே. ஒரு அறிவித்தல் போடுங்க. நீங்க தட்டுறீங்களா சேர்?”

“எனக்குத் தமிழ் தட்டவே வராது. எப்பவும் முஸ்தாக்தான்,” என்று அதிபர் மடிக்கணினியில் புதுப் பக்கமொன்றைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார்.

“‘நாளை பரீட்சை இல்லை.’ அவ்வளவுதான்,” என்றார் ஸுஹைறா.

முஸ்தாக் திரையைப் பார்க்கவில்லை. பழகிய விரல்கள் முதற்சொல்லை மளமளவென்று அடித்தன. நஸ்லின் எட்டிப் பார்த்து வாயைப் பொத்தினாள். திரையில் நின்றது: ehis.

“என்ட ஒபிஸிலயும் பத்திரமெல்லாம் இந்தப் பழைய விசைப்பலகை முறையிலதான் அடிக்கிற,” என்றார் ஸுஹைறா. “அதுக்குரிய தமிழ் எழுத்துருவத் தெரிவுசெய்யாட்டி, ‘நாளை’ இப்படித்தான் விழும். போன்ல தமிழ் எழுதுற பிள்ளைக்கு இந்த நாலு எழுத்தும் வராது. எழுத்துச் சரியா விழல்ல எண்டு கண்டதும் மிச்ச வசனத்த விட்டுட்டு, அந்த ஒரு சொல்லோடயே படத்த அனுப்பியிருக்கீங்க, சேர்.”

முஸ்தாக்கின் தலை குனிந்தது.

“போனத் திறந்தா ஒரு பிள்ளையும் என்ட முகத்தப் பார்க்கிறல்ல,” என்றார் மெல்ல. “அந்தப் போனெல்லாம் வகுப்பில இல்லாமப் போகணும் எண்டுதான் செஞ்ச. யார்ட பேர் திறந்து கிடந்தது எண்டுகூட நான் பார்க்கல்ல.”

“நான் உங்கட முகத்தப் பார்த்தனே சேர்,” என்றான் றினாஸ். “வாப்பாவக் கூட்டிட்டு வா எண்டு நீங்க சொல்லக்குள்ள.”

அதிபர் முஸ்தாக்கை அறையிலேயே இருத்திவிட்டு, றினாஸின் தோளில் கைபோட்டு வகுப்புக்கு நடந்தார்.

ஜுனைதாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். வாசலில் நின்றே கத்தினார்: “எல்லாரும் போன எடுங்க! இணைஞ்சிரிக்கிற கருவியளப் பாருங்க, இப்பவே!”

“மிஸ், என்னிலயும் ஒண்டு திறந்து கிடக்கு!” என்றாள் டிலக்சினி. “எனக்கும் மிஸ்!” என்று பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல். வகுப்பே இரைந்தது.

அந்தச் சத்தத்துக்குள் அதிபர் நேசராசா மெதுவாகத் தன் போனை எடுத்து ஜுனைதாவிடம் நீட்டினார்.

“இதையும் ஒருக்காப் பாருங்கோ மிஸ்,” என்றார் தாழ்ந்த குரலில்.