ராணி பெஞ்சு

மாலியேயின் செருப்புகள் தேவாலயத்தின் பக்கவாசலில் கிடந்தன. யாரோ குனிந்து அடுக்கி வைத்ததுபோல் இரண்டும் அருகருகே இருந்தன. ஹவாயில் வீட்டுக்குள் நுழையும்போதுதான் செருப்பைக் கழற்றுவார்கள், தேவாலயத்துக்குள் செருப்புக் காலோடு அப்படியே போவார்கள். யார் வீட்டுக்குப் போவதாக நினைத்து இந்தப் பிள்ளை கழற்றினாள்? மகளை அழைத்துப்போக வந்த கெயோலா காரின் கதவைக்கூடச் சாத்தாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பாட்டுப் பயிற்சி முடிந்து மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். பாட்டு சொல்லித்தரும் ஹோகு ஆன்ட்டி மட்டும் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

"உன் பொண்ணு உள்ளதான் இருக்கா. ராணி பெஞ்சுல. கூட ஒரு பெரியம்மா உக்காந்திருந்தாங்க, உங்க ஆளுன்னு நெனச்சேன். அந்த பெஞ்சுல உக்கார்ற திமிரு உங்க குடும்பத்துக்குத்தானே வரும்!"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கெயோலாவின் வீட்டில் பெரியம்மா என்று யாரும் இல்லை. அவனும் மகளும் மட்டும்தான்.

அந்தப் பெஞ்சு அரச குடும்பத்தாருக்கென்று கடைசி வரிசையில் போட்டது. இருபுறமும் ஆளுயரத்துக்கு மேலே, அரச சின்னமான இறகுக் கம்பங்கள். ராணிகள் போய்ச் சேர்ந்து தலைமுறைகள் ஆகியும் அதில் யாரும் உட்காருவதில்லை. அந்தக் காலத்தில் அரச உடம்பின்மேல் சாமானியன் நிழல் பட்டாலே உயிர் போகும். இப்போது அது பிள்ளைகளை மிரட்டச் சொல்லும் கதை.

கெயோலா அந்தக் கதைக்குச் சிரித்தவன்தான். ஆனால் போன மழைக்காலத்தில் கல்லறைச் சுவரோரம் சுற்றுலாப் பயணிகளுக்குக் கழிப்பறை கட்டும் வேலையை எடுத்து அவன் தோண்டியபோது, மரப்பட்டைத் துணியில் சுற்றிய எலும்புகளும் திமிங்கலப் பல் கோத்த மாலையும் கிடைத்ததும், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாலையை அரச குலத்தார் மட்டும்தான் அணிவார்கள் என்று அவனுக்குத் தெரியும். இயந்திரம் எலும்புகளில் பாதியை நொறுக்கியிருந்தது. வெளியே சொன்னால் வேலை வருடக்கணக்கில் நிற்கும். குழியின் விளிம்பில் நின்று பார்த்தான், அவன் நிழல் உள்ளே கிடந்த ராணியின்மேல் நெடுக விழுந்தது. காவலுக்கு வீட்டைச் சுற்றி நடுகிற செடியின் இலைகளைப் பறித்துப் போட்டு மூடி, ஒரு ஜெபமும் சொல்லி, மேலே கான்கிரீட்டை ஊற்றிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்! பாவி, பாதி மரியாதை செய்தால் முழுப் பாவம் போகும் என்று நினைத்தான்.

உள்ளே பழைய மரத்தின் வாசனையோடு, கடல் வற்றிய பாறையில் அடிக்கும் வாடையும், புதிதாய்க் கிளறிய மண்ணின் ஈரமும், அவற்றுக்கடியில் கழிப்பறை கழுவும் மருந்தின் நெடியும் கலந்து வந்தன. பீடத்துக்குப் பின்னாலிருந்த உயர்ந்த ஜன்னலில் மாலை வெயில் இறங்கியது. காற்றே இல்லை. கடைசி வரிசையில் இறகுகள் மட்டும் மெல்ல அசைந்தன.

பாட்டுக்குழுவின் வெள்ளைக் கவுனோடு மாலியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் பழுப்புத் துணி மூடிய பெரிய உருவம். அதன் தோள் தோளாக இல்லை. சாய்ந்து, தொங்கி, எலும்பே இல்லாததுபோல் பெஞ்சில் வழிந்து கிடந்தது.

கெயோலா பீடத்தைத் தாண்டி ஓடினான். வெயில் முதுகில் விழ, நிழல் அவனுக்கு முன்னே ஓடியது.

"கிட்ட வராதப்பா. உன் நெழலு மறுபடியும் இவங்க மேல படப்போவுது."

நின்றான். நிழல் நிற்கவில்லை. நீண்டுகொண்டே போனது.

தரையில் குப்புற விழுந்தான். முன்னோர்கள் அரசர் முன்னே விழுந்ததுபோல. நெற்றி கல்லில் பட்டது.

"நாளைக்கே அந்தக் கட்டடத்த இடிச்சிடறேன் தாயே. என் கையாலயே தோண்டி எடுத்து, உங்கள உங்க எடத்துல வைக்கிறேன். புள்ளைய விட்டுடுங்க. என்னை எடுத்துக்கோங்க."

இறகுகளின் சரசரப்பு.

பிறகு, ஒரு சின்ன முறிவு. சமையலறையில் நண்டு ஓட்டைப் பிளப்பதுபோல் ஒரு சத்தம்.

"அப்பா, என் கை தொங்குது."

பெற்ற பிள்ளைதான் நம் எலும்பு என்பார்கள் அந்த ஊரில். கெயோலாவின் அம்மாவும் சொல்வாள்.

இன்னொரு முறிவு.

"வேண்டாம். தாயே, வேண்டாம்."

இன்னொன்று. வரிசையாக. அவசரமில்லாமல்.

தலையைத் தூக்கினான். சூரியன் மறைந்து ஜன்னல் கறுத்திருந்தது. அவன் நிழல் மட்டும் பெஞ்சு வரைக்கும் போயிருந்தது.

அங்கே ராணி எழுந்தாள். முழங்கால் நிமிர்ந்தது. முதுகு நிமிர்ந்தது. கழுத்தில் திமிங்கலப் பல். இறகுக் கம்பங்கள் இரண்டும் அவளுக்குத் தலை வணங்கின.

பெஞ்சில் வெள்ளைக் கவுன் ஈரத்துணிபோல் மடிந்து கிடந்தது. அதன்மேல் மாலியேயின் கூந்தல். கூந்தலுக்கு நடுவே, திறந்த இரண்டு கண்கள் அவனையே பார்த்தன.

"வீட்டுக்குப் போலாம்ப்பா," என்றது கவுன். "என்னால எந்திரிக்க முடியல."