அக்கா வீட்டு டெலிபோன்

அக்கா போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பூட்டிக் கிடந்த அந்தப் பழைய வீட்டைத் தங்கை திறந்தபோது காலை பதினோரு மணி. தைல வாடை இன்னும் போகவில்லை. மெயின் சுவிட்சை அணைத்திருந்ததால் படுக்கையறை பட்டப்பகலிலேயே மங்கிக் கிடந்தது.

போன், டிவி, இன்டர்நெட் மூன்றையும் ஒன்றாகக் கொடுத்த பெட்டியைத் திருப்பி ஒப்படைக்கத்தான் கணவனோடு வந்திருந்தாள். கம்பெனி லைன்காரர் கட்டிலருகே குத்துக்காலிட்டு ஒயர்களைப் பிடுங்கிச் சுருட்டினார்.

"நல்லா இருந்த பழைய லைன எதுக்கும்மா மாத்துனீங்க? அது கரண்ட் போனாலும் பேசும். இதுக்குப் பெட்டி எரியணும். பெட்டி அணைஞ்சா போனும் அவ்வளவுதான்."

அக்கா செத்த அந்த மழையில் இரண்டு நாள் மின்சாரமே இல்லை. செல்போன் சிக்னல் இந்த அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. ஆஸ்துமாக்காரி அக்கா, ரிசீவரைக் கையில் பிடித்தபடிதான் கிடந்தாள். சாகிற நேரத்தில் ரிசீவரை எடுத்தும் எனக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லையே என்று, இத்தனை நாளும் செத்தவள்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தாளே, பாவி!

"இத எங்கக்காகிட்ட யாரும் சொல்லலையா?"

"சொல்லாமக் குடுக்கமாட்டோம்மா. போன்ல கேட்டு, சரின்னதும் ரெக்கார்டு பண்ணிடுவோம்."

"அதான் அக்காவே சரின்னாங்கன்னு அன்னைக்கே சொன்னேன்ல," என்றான் கணவன். "கெளம்பு, நேரமாகுது."

அந்த அவசரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "அதப் போட்டுக் காட்டுங்க," என்றாள்.

லைன்காரர் வாசலுக்குப் போய் ஆபீசில் பேசி, பதிவைத் தன் செல்போனில் வாங்கிக்கொண்டு வந்தார். அதில் ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள்.

"கரண்ட் இல்லன்னா இந்தப் போன் வேல செய்யாதுங்க. வீட்டுல உடம்பு முடியாதவங்க யாராவது இருக்காங்களா?"

"அதெல்லாம் யாரும் இல்லம்மா. சீக்கிரம் போட்டுவிடுங்க, சனிக்கிழமை மேட்ச் இருக்கு. இதோட ஃப்ரீயா வர்ற இன்னொரு டிவி கனெக்‌ஷன் எங்க வீட்டுக்குத்தான?"

அது தங்கை புருஷனின் குரல்.

"ஏங்க..." என்றாள்.

"இப்படி ஆகும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"ஒங்கள நம்பித்தானே அக்காவ விட்டேன்! அவளுக்குத் தெரியும்னு எங்கிட்டயே கூசாமச் சொன்னீங்களே. நீங்க நல்லா இருப்பீங்களா?"

அவன் வாசல் பக்கம் ஓரடி வைத்தான்.

அப்போது போன் அடித்தது.

சுருட்டிய ஒயரைக் கையில் பிடித்தபடி லைன்காரர் உறைந்துபோனார். போன் வெறும் ஸ்டூலின்மேல் இருந்தது. அதிலிருந்து எந்த ஒயரும் எங்கும் போகவில்லை.

மறுபடியும் அடித்தது.

தைல வாடை மூக்கில் ஏறியது.

"எடுக்காதீங்கம்மா," என்று கிசுகிசுத்தவர், பையைக்கூட எடுக்காமல் வாசலைப் பார்த்து நடையைக் கட்டினார்.

அக்காவின் போனை எடுக்காமல் விடத் தங்கைக்கு மனசு வரவில்லை. எடுத்தாள்.

முதலில் இழுப்பு. நெஞ்சில் சளி கட்டி, விட்டு விட்டு வரும் மூச்சு.

பிறகு அந்தக் குரல்.

"இப்பவாவது எடுத்தியே, கண்ணு..."

அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுகை அடங்கியதும் ரிசீவரைக் கணவன் பக்கம் நீட்டினாள்.

"ஒங்களக் கேக்கறாங்க."

"வெளையாடாத. அதுல லைனே இல்ல."

"அத அவங்ககிட்டயே சொல்லுங்க."

அவன் வாங்கிக் காதில் வைத்தான். முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். காற்று உள்ளே போகவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இழுத்து இழுத்து மூச்சு வாங்கியபடி ரிசீவரைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினான். தெருவில் அவன் இருமுவது கேட்டது.

"வா... வீட்டுக்குப் போயிடலாம்," என்று அங்கிருந்தே கூப்பிட்டான்.

"நீங்க போங்க. நான் வரல."

"அங்க... அது இருக்குடி!"

"எங்கக்கா இருக்கா. எனக்கு ஒங்களப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

எழுந்துபோய்க் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டாள். திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அறையில் சத்தமே இல்லை.

அவளுக்குப் பக்கத்தில் மெத்தை மெல்ல அமுங்கியது.